பனியில் கூப்பிட்ட பெயர்

மேல் குடிசைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. வந்திருக்க வேண்டியது பன்னிரண்டுக்கு. இடையில் போன நான்கு மணி நேரம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டிருந்தால், வழிகாட்டி புவாம்பாலே நிமிஷம் தவறாமல் சொல்லியிருப்பான். ஒன்றரை மணி நேரம் சதுப்பு விழுங்கிய ஒரு ரப்பர் பூட்ஸைக் கையால் தோண்டி எடுப்பதில் போயிற்று. முக்கால் மணி நேரம் மழைக்கு ஒதுங்கியதில். மிச்சமெல்லாம் டாக்டரம்மா நின்று நின்று மூச்சு வாங்கியதிலும், வழியில் நின்ற பாசி படர்ந்த மரத்தையெல்லாம் தொட்டுத் தடவியதிலும்.

டாக்டரம்மா என்றால் பல் டாக்டர். பெயர் நக்காட்டோ, கம்பாலாக்காரி, ஐம்பதை நெருங்கும் வயசு. ருவென்சோரி மலையின் பனி கரைந்துகொண்டே வருகிறது, இன்னும் கொஞ்ச வருஷம்தான் என்று எங்கோ படித்துவிட்டு, அதற்குள் ஒரு தடவையாவது அதன் மேல் நடந்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்தவள். நல்ல மனுஷிதான். ஆனால் யார் வாயைத் திறந்தாலும் அவள் கண் நேரே பல்லுக்குப் போகும். முதல் நாளே புவாம்பாலேயின் தம்பியைப் பார்த்து, "முன்பல்லுக்கு நடுவுல இவ்வளவு பெரிய சந்தா தம்பி? சைக்கிளே போகும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டாள். தம்பியும் அந்தச் சந்தைக் காட்டிச் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பவன் அவன். புவாம்பாலேக்கு எரிச்சல் வருவதே அதனால்தான்.

தம்பிக்கு இருபத்திரண்டு வயசு. கயிற்றின் கடைசி முனையில் நடக்கும் துணை வழிகாட்டியாக அவனுக்கு இதுதான் முதல் பயணம். பெயர் மசெரெக்கா.

இந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பகொன்சோ இனத்து வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிறந்த வரிசைதான் பெயர். முதல் ஆண் பலூக்கு, இரண்டாமவன் புவாம்பாலே, மூன்றாமவன் மசெரெக்கா, நான்காமவன் குலே. ஒருவன் செத்துப்போனாலும் அவன் இடம் அவனுக்குத்தான். பின்னால் நிற்பவன் முன்னால் வர முடியாது. ஆகவே சந்தையில் நின்று மசெரெக்கா என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாதா கோயிலில் வைத்த பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் மட்டும். தம்பிக்கு அப்படி வைத்த பெயர் யோசியா.

பனிக்கு மேலே மட்டும் சட்டம் வேறு. அங்கே கோயில் பெயரைத்தான் கூப்பிட வேண்டும், வரிசைப் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கொண்டுவந்ததே புவாம்பாலேதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் கருவிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு பனியைத் தாண்டியது. ஒன்பது கூலியாட்கள். மேகமூட்டம் இறங்கியதும் ஆள் எண்ணும் வேலை புவாம்பாலேயிடம் வந்தது. வீட்டில் எண்ணுவது போலவே எண்ணினான். பலூக்கு, இருக்கேன். தெம்போ, இருக்கேன். மசெரெக்கா, இருக்கேன். கூட்டத்தில் மசெரெக்கா இரண்டு பேர் என்பது குடிசைக்கு வந்து கஞ்சி ஊற்றும்போதுதான் தெரிந்தது. ஒரு தட்டு மிஞ்சியது. மறுநாள் விடிந்து போய்த் தேடியதில் அவன் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒரு பனி வெடிப்பின் விளிம்பில் கிடைத்தது.

செத்தவனின் தாய், மலையேற்றம் தொடங்கும் அடிவார வாசலுக்கு வந்தாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என் மகன் பேரைக் கூப்பிட்டேன்னு சொல்றியே. யாரு பதில் சொன்னது?"

புவாம்பாலே சட்டம் கொண்டுவந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அந்த அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது அவனுக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது, அதற்காக வெட்கப்பட்டான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் புவாம்பாலேயின் அம்மா தம்பியை மலைக்கு விட்டாள் என்றால் அது லேசில் நடந்த காரியமில்லை. மூத்தவன் பலூக்கு தவழும் வயசிலேயே காய்ச்சலில் போனவன். மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒரு வருஷம் தம்பி கெஞ்சினான், அண்ணன் சிபாரிசு செய்தான், கடைசியில் அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "கூட்டிட்டுப் போ. ஆனா எவன் வந்தாலும் வராட்டாலும் அவன் என் வாசலுக்கு வரணும். இல்லேன்னா நீயும் வராத."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல அது.

*

விடிகாலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும், பத்து மணிக்கு மேல் மூட்டம் இறங்கும். இது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. மூன்று மணிக்குக் கஞ்சி குடித்தாயிற்று, தலைவிளக்கு மாட்டியாயிற்று. பூட்ஸின் அடியில் கட்டும் இரும்பு முள்ளை எடுத்து டாக்டரம்மாவின் காலில் மாட்டினால், வார் அறுந்து தொங்குகிறது.

இதைத் தைத்து வைக்கச் சொல்லி ஒரு வாரம் முன்னாலேயே தம்பியிடம் கொடுத்திருந்தது. தம்பி தலையைச் சொறிந்தான்.

"மறந்துட்டேண்ணே. கம்பி வெச்சுக் கட்டிடறேன், இரும்பு மாதிரி நிக்கும்."

கம்பி தேடி, முறுக்கிக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடிசையின் தகரத்தில் விழுந்த மழை ஒன்பது மணி வரைக்கும் நிற்கவில்லை. புவாம்பாலே கதவருகே நின்று வானத்தைத் திட்டினான், வாரைத் திட்டினான், அதற்கப்புறம் தம்பியைத் திட்டினான். சமையல்காரன் எம்புசா மட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஆறாவதாகப் பிறந்தவனுக்கு உலகத்தில் எதற்கும் அவசரமில்லை என்பது போல டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். புவாம்பாலேக்கே தெரியும். ஆனால் டாக்டரம்மாவுக்கு இன்னொரு நாள் இல்லை, ஊரில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். தம்பியின் முதல் பயணம் பாதியில் திரும்பினால் மேலாளர் அவனை அடுத்த தடவை அனுப்புவாரா என்பதும் சந்தேகம். மழை விட்டதும், பனியின் ஓரத்தையாவது மிதித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள்.

பாறையிலிருந்து பனிக்கு இறங்க ஓர் இரும்பு ஏணி அடித்திருக்கிறது. அதை அடித்த காலத்தில் கடைசிப் படி பனியில் பதிந்திருந்தது. இப்போது பனி ஆளுயரத்துக்குக் கீழே போய்விட்டது. கடைசிப் படியில் தொங்கிக் குதிக்க வேண்டும். டாக்டரம்மாவைக் கயிற்றில் கட்டி இறக்குவதற்குள் புவாம்பாலேயின் தோள்பட்டை கழன்றுவிடும் போலாயிற்று.

இறங்கி இருநூறு அடிகூடப் போகவில்லை. கம்பி பட்டென்று அறுந்தது.

புவாம்பாலே குனிந்து அறுந்த கம்பியைப் பிடுங்கி எறிந்தான். தம்பியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டு, குடிசைக்கு ஓடி எம்புசாவின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னான். போக அரை மணி, வர அரை மணி. தம்பி பனியில் இரும்பு முள் கரகரக்க ஏணிப் பக்கம் ஓடினான். அவன் சிவப்பு மழைச்சட்டை ஏணியில் ஏறி மறைவதைப் புவாம்பாலே பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் மூட்டம் வந்தது.

வந்ததே தெரியவில்லை. ஏணி தெரிந்துகொண்டிருந்தது, பிறகு தெரியவில்லை. டாக்டரம்மா பத்தடி தள்ளி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள், அவள் தலையும் தோளும் மட்டும் சாம்பலாகத் தெரிந்தன. ஈரக் கல்லின் வாடை வீசியது. காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பனி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று.

"உங்க தம்பி டீ குடிச்சிட்டு வர்றாரா?" என்று டாக்டரம்மா கேட்டாள். குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. புவாம்பாலேக்கு விரல் நுனியில் உணர்வே இல்லை. இந்நேரம் தம்பி ஏணியிலிருந்து விழுந்திருப்பானோ என்று ஒரு மனசு சொல்லியது. அடுப்போரம் உட்கார்ந்து எம்புசாவிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான் என்று இன்னொரு மனசு. பயம் அதிகமாக ஆகக் கோபமும் அதிகமாயிற்று. அவன் எழுந்து ஏணிப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"யோசியா!"

பதில் இல்லை.

"யோசியா! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

நாலு தடவை, ஐந்து தடவை கத்தினான். அந்தப் பெயரே வாயில் ஒட்டவில்லை. வேறு யாரோ ஒருவனின் பெயர் போல இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடும் பெயர் அதுவா? சின்ன வயசில் வாழைத்தோட்டத்தில் ஒளிந்துகொண்டவனைத் தேடிக் கூப்பிட்ட பெயர் அதுவா? ஆத்திரம் பொங்கி வந்தது. வந்த வேகத்தில் சட்டமாவது மண்ணாவது, எல்லாம் மறந்துபோயிற்று.

"மசெரெக்கா!"

குரல் பனியின் மேல் உருண்டு போயிற்று. கீழே ஓடிய தண்ணீரின் சத்தம் நின்றது.

"இருக்கேன்."

புவாம்பாலேக்கு அப்பாடா என்று இருந்தது. குரல் ஏணிப் பக்கமிருந்து வரவில்லை, மேலே பனிச் சரிவிலிருந்து வந்தது என்பது காதில் விழுந்தது, மனசில் பதியவில்லை. மூட்டத்தில் திசை மாறிக் கேட்பது சகஜம்தான்.

சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. தலையில் முக்காடு, கன்னத்தைச் சுற்றித் துணி. மூட்டத்தில் சிவப்பும் சாம்பல், மஞ்சளும் சாம்பல். அது நேரே கயிற்றின் கடைசி முனைக்குப் போயிற்று. குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

புவாம்பாலே பிடித்துக்கொண்டான் பாருங்கள். இரண்டு மணி நேரக் கோபத்தையும் கொட்டினான். பெல்ட் எங்கே என்றான், மூளை எங்கே என்றான், அம்மாவிடம் சொல்லி உன்னை ஆடு மேய்க்க விடுகிறேன் என்றான். உருவம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. கோபக்காரன் எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, தன் வார்த்தையைத்தான் பார்ப்பான். திரும்பிப் போகலாம், இன்றைக்கு இதுதான் விதி என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான். டாக்டரம்மாவின் முள் இல்லாத காலுக்காகக் கோடரியால் பனியில் படி வெட்டிக்கொண்டே போனான்.

படி வெட்டுவது மெதுவான வேலை. இரண்டு வெட்டு, ஓரடி. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா அவன் முதுகுக்குப் பின்னால் வெகு அருகில் வந்துவிட்டாள். கயிற்றில் இடைவெளி விட வேண்டும் என்று சொல்லத் திரும்பினான். அவள் முகம் வெளுத்திருந்தது.

"புவாம்பாலே," என்று கிசுகிசுத்தாள், "உங்க தம்பிக்கு முன்பல்லு நடுவுல சந்து இருக்குமில்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"இவனுக்கு இல்ல."

அவளுக்குப் பின்னால் அவன் பார்க்கவில்லை.

"என்னைப் பார்த்துச் சிரிச்சான். எல்லாப் பல்லும் வரிசையா இருக்கு. அப்புறம்..." அவள் எச்சில் விழுங்கினாள். "உங்க வாயிலேர்ந்து புகை வருது. என் வாயிலேர்ந்து வருது. அவன் வாயிலேர்ந்து வரல."

புவாம்பாலே முன்பக்கம் திரும்பி நடந்தான். காதை மட்டும் பின்னால் விட்டான்.

தன் இரும்பு முள் பனியில் குத்தும் சத்தம்.

டாக்டரம்மாவின் ஒற்றைக் கால் முள்.

அவ்வளவுதான்.

கயிறு மட்டும் பின்னால் ஒரே சீராக இழுபட்டது. சறுக்குகிறவன் இழுக்கும் இழுப்பு அல்ல. பழகிய கூலியாள் முன்னால் போகிறவனுக்குத் தொல்லை தராமல் வரும் நிதானம்.

இடுப்பில் கத்தி இருந்தது. ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிடலாம். கை கத்தியின் பிடிவரைக்கும் போயிற்று. ஆனால் அது தம்பியாக இருந்துவிட்டால்? மூட்டத்தில் பல்லையும் புகையையும் பார்த்து ஒரு பொம்பளை சொன்னாள் என்று தன் தம்பியை வெடிப்புகளுக்கு நடுவில் அறுத்துவிட்டு எந்த முகத்தோடு வாசலுக்குப் போவது? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கும் தைரியம் வரவில்லை. இப்படியும் முடியாமல் அப்படியும் முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு படி வெட்டிக்கொண்டே போனான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவனாகத் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை.

ஏணி வந்தது. கடைசிப் படியை எம்பிப் பிடித்து ஏறினான். மேலே போய்ப் பாறையில் காலை ஊன்றி டாக்டரம்மாவை இழுத்தான். அவள் ஏறி வந்ததும் அவன் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்து கயிறு விளிம்பைத் தாண்டிக் கீழே மூட்டத்துக்குள் போயிற்று.

அப்போது பின்னால் குரல் கேட்டது.

"அண்ணே, நீங்க ஏன் ஏறி வந்தீங்க? மூட்டத்துல வழி தெரியாம இந்தப் பாறையிலேயே உக்காந்துட்டேன். யோசியான்னு கத்தினீங்களே, இங்கேயிருந்து எத்தனை தடவை பதில் கொடுத்தேன், காதுல விழலையா?"

சிவப்பு மழைச்சட்டை. கையில் எம்புசாவின் பெல்ட். முன்பல்லுக்கு நடுவே சந்து.

புவாம்பாலே கயிற்றைப் பார்த்தான்.

கயிறு விறைப்பாக இருந்தது.

கீழே ஏணியில் சத்தம். டங்.

ஆளுயரத்தை எம்பிக் குதிக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நேரே முதல் படி.

டங்.

டங்.

"யாருண்ணே கீழ?" என்றான் தம்பி.

புவாம்பாலே கத்தியை எடுத்தான். விளிம்பில் முக்காட்டின் நுனி தெரிந்தது. அது துணி அல்ல, பழைய பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் கிழிந்தது. ஒரே வெட்டு. கயிறு அறுந்தது.

எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அறுபட்ட முனை அவன் காலடியில் ஒரு கணம் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல விளிம்பைத் தாண்டிக் கீழே நகர்ந்தது. வேலை முடிந்த கூலியாள் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொள்வானே, அந்த நிதானத்தில்.

*

குடிசையில் எம்புசா டீ போட்டு வைத்திருந்தான். வந்தவர்கள் மூன்று பேர். ஊற்றியது நான்கு டம்ளர். உனக்கும் சேர்த்தா என்று கேட்டதற்கு, தான் அப்போதே குடித்தாயிற்று என்றான். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தம்பியிடம் மற்றொரு கையை நீட்டினான்.

"பெல்ட்டைக் குடுடா குலே, மானம் போகுது."

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குலேயா? எப்போலேர்ந்து என்னை நாலாவதா இறக்கினீங்க?"

எம்புசா விழித்தான். நாக்கு பிசகிவிட்டது என்றான். ஐந்து நிமிஷம் கழித்து, விறகு எடுத்து வரச் சொல்லும்போது மறுபடியும் குலே என்றான்.

இறங்கி வர இரண்டு நாள். கீழ்க் குடிசையில் ஏறி வந்துகொண்டிருந்த கூலியாட்கள் எதிர்ப்பட்டார்கள், தம்பியோடு ஒன்றாய்ப் படித்தவர்கள். எல்லோரும் குலே என்றார்கள். தம்பி முதலில் சிரித்தான். பிறகு ஒருத்தன் சட்டையைப் பிடித்துச் சண்டைக்குப் போனான். அவனும் இவனை விநோதமாகப் பார்த்து, "உனக்கு என்னடா ஆச்சு குலே?" என்றான்.

புவாம்பாலேக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒவ்வொருவனையும் நிறுத்தி, இவன் குலே இல்லை, மசெரெக்கா, எங்கள் வீட்டில் நாலாவது பிள்ளையே கிடையாது என்று சொன்னான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவர்கள் போனார்கள். செவிடன் காதில் சங்கு ஊதியது போல ஆயிற்று. கடைசியில் தன் காதுக்காவது கேட்கட்டும் என்று, சதுப்பின் மேல் போட்ட பலகையில் நடக்கும்போது வேண்டுமென்றே உரக்கச் சொன்னான்.

"மசெரெக்கா, நீ முன்னால நட."

தம்பி முன்னால் போனான். பின்னால் பலகையில் ஒரு கால் பட்டது.

பின்னால் யாரும் இல்லை. எம்புசாவும் டாக்டரம்மாவும் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள்.

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சொல்லிப் பார்த்தான். இந்தத் தடவை காலடி இன்னும் அருகில் கேட்டது. பனியில் வீசிய ஈரக் கல் வாடை மூக்கில் ஏறியது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தம்பியை அவன் பெயரால் கூப்பிட்டால் மற்றவனும் ஓரடி கிட்டே வருகிறான். கூப்பிடாமல் விட்டால் தம்பியின் இடம் போகிறது. ஆறு வருஷமாகக் கூப்பிட ஆளில்லாமல் அங்கே கிடந்தவனைத் தானேதான் தன் வாயால் அழைத்தான். எந்த வீட்டுக்கு என்று சொல்லாமல் அழைத்தான். அவனைப் பெற்றவளும் இப்போது இல்லை.

அதற்கப்புறம் வழி முழுக்க அவன் தம்பியைக் கூப்பிடவே இல்லை. தோளைத் தட்டினான், கையைக் காட்டினான்.

மலையடிவார வாசலில் டாக்டரம்மா விடைபெற்றாள். இரண்டு நாளாக அவள் அவனோடு அதிகம் பேசவில்லை. பயந்திருக்கிறாள், அவளாவது நடந்ததற்கு ஒரு சாட்சி என்று புவாம்பாலே நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பையைத் திறந்து மூன்று பல் பிரஷ்களை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உங்களுக்கும் உங்க தம்பிங்க ரெண்டு பேருக்கும். பனியைக் கிட்டப் போய்ப் பாத்துட்டேன், அது போதும். சின்னவர்கிட்ட சொல்லுங்க, அந்தப் பல்லுச் சந்தை அடைக்கணும்னா கம்பாலாவுக்கு வரட்டும்."

அவள் கண்ணை உற்றுப் பார்த்தான். நன்றாகத் தூங்கி எழுந்தவளின் கண்ணாக இருந்தது. ஏணியைப் பற்றிக் கேட்டான். எந்த ஏணி, ஓ அதுவா, தோள் வலித்திருக்குமே உங்களுக்கு என்று பரிதாபப்பட்டாள். கார் போய்விட்டது. நடந்ததை முழுக்க அறிந்தவன் உலகத்தில் இப்போது அவன் ஒருவன்தான்.

*

வீட்டு வாசலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்படிப் புகை வாழையிலை மேல் படர்ந்திருந்தது. தம்பியின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டே புவாம்பாலே உள்ளே நுழைந்தான். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். பெற்றவள் மாற மாட்டாள். ஒரு பிள்ளையைப் புதைத்து, இரண்டு பிள்ளையை வளர்த்தவள். அவளுக்கு வரிசை தப்புமா?

அம்மா மரவள்ளிக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொதித்தது. நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு உக்காருங்க. குலே, அந்தத் தண்ணிக் குடத்தை எடுத்து வைடா."

புவாம்பாலே தம்பியைப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். சண்டைக்காவது போவான் என்று எதிர்பார்த்தான்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தம்பி குடத்தை எடுக்கப் போனான்.

"அம்மா," என்றான் புவாம்பாலே. "உனக்கு எத்தனை பசங்க?"

"இது என்னடா கேள்வி? மேல குளிர்ல மூளை உறைஞ்சு போச்சா?" அவள் களியை உருண்டையாக்கித் தட்டில் வைத்தாள். "மூத்தவன் போயிட்டான். மிச்சம் நீங்க மூணு பேர். மூணு பேரும்தானே மலைக்குப் போனீங்க? அவன் எங்க? பின்னால வர்றானா?"

"அம்மா, நல்லா பாரு. இவன் குலே இல்ல. இவன்..."

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அந்த ஒன்றைத்தான் சொல்லக் கூடாது. சொன்னால் வெளியில் இருப்பவன் உள்ளே வருவான். சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவன் யார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பெஞ்சைக் கையால் ஓங்கி அடித்தான். தட்டு குதித்தது. அம்மா அவனைக் கவலையோடு பார்த்தாள். களைத்துப் போயிருக்கிறான், முதலில் சாப்பிடட்டும் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்தாள். அதையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு மூன்று.

தம்பி குடத்தை வைத்துவிட்டு வந்து பெஞ்சில் அண்ணனை ஒட்டி உட்கார்ந்தான். அவன் உடம்பின் சூடு புவாம்பாலேயின் தோளில் பட்டது.

வெளியே சுவரில் யாரோ ரப்பர் பூட்ஸைத் தட்டிச் சேறு உதறும் சத்தம் கேட்டது. இடதுகால் இரண்டு தட்டு. வலதுகால் இரண்டு தட்டு.

"வந்துட்டான்" என்றாள் அம்மா.

தம்பி வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, தனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டான்.